சூசையப்பருக்கு வயிறு நிறையாத மதியம்

என் சண்டைக்கார பிலோமி அக்காவுக்கு,

நீ கண் மூடியபிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நான் பம்பாயில் இருந்த காலத்தில் நான் நாலு கடிதம் போட்டால் நீ ஒன்று போடுவாய். அதிலும் பாதி திட்டு, மீதி பாதி 'பழைய சேலை இருந்தால் அனுப்பு'. இதற்கு உன்னால் பதில் திட்டு எழுத முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும் என்றுதான் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் இங்குள்ள செய்தி. சரக்குக் கிடங்காக இருந்து நீ நோயாளிகளுக்கு வீடாக்கிய கிட்டங்கி நன்றாக இருக்கிறது. மேற்குச் சுவரில் ஓதம் ஏறிக் காரை உதிர்ந்துகொண்டிருந்ததே, அதைப் பூசியாகிவிட்டது. உன் கட்டிலில் இப்போது புதுக்கோட்டைப் பக்கத்து அம்மாள் ஒருத்தி படுத்திருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்து வந்தவள். வாய் மட்டும் முறியவில்லை. கஞ்சியில் உப்பில்லை என்று தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சண்டை போடுகிறாள். உனக்கு அவளை ரொம்பப் பிடித்திருக்கும்.

பெரிய செய்தி இன்னொன்று. உன் வாழ்க்கையைப் புத்தகமாகப் போடப்போகிறார்கள். சிரிக்காதே. ஏழைகளுக்காக வாழ்ந்த நம் கரையோரத்துப் புண்ணியவாளர்கள் என்று ஒரு வரிசை வருகிறதாம், அதில் நீயும் ஒருத்தி. இளம் சாமியார் ஒருவர் மில்லர்புரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, போனை என் முன்னால் மேசையில் வைத்துப் பதிவு செய்கிறார். நல்ல பிள்ளை. எனக்குப் பேரன் வயதுதான் இருக்கும். நான் 'தம்பி ஃபாதர்' என்று கூப்பிடுகிறேன், அவர் என்னை 'ஆன்ட்டி' என்கிறார்.

"அக்கா சின்ன வயசிலேயே ரொம்ப ஜெபத்துல இருப்பாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டார்.

"சீட்டாட்டத்துல இருப்பா. அதுலயும் கள்ள ஆட்டம்" என்றேன். போனை நிறுத்திவிட்டார்.

அவரிடம் யாரோ ஒரு கதை சொல்லியிருக்கிறார்கள். ஒரு சூசையப்பர் திருநாள் அன்று, நம் வீட்டு அசன விருந்தில், சூசையப்பரே ஏழை உருவத்தில் வந்து இலையில் உட்கார்ந்தாராம். உன்னைக் கூப்பிட்டு, இனி ஏழைகளை நீ பார்த்துக்கொள் என்றாராம். அண்டாவில் சோறு அள்ள அள்ளக் குறையவில்லையாம். 'நீங்களும் அங்கே இருந்தீங்களாமே' என்று தம்பி ஃபாதர் கண் விரியக் கேட்கிறார்.

இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். அன்று வந்தவர் சூசையப்பர் இல்லை, உப்பளத்துச் சுடலைமுத்து. அன்று வீட்டில் எல்லோர் மனதிலும் இருந்தது ஒரே கேள்வி: நீ பம்பாய் போவதா, தூத்துக்குடியிலேயே இருப்பதா?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள். எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகத்தைப் பற்றி ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நம் அப்பா தோணி முதலாளி. உனக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால், நீ பிழைத்தால் மடத்துக்குத் தந்துவிடுகிறேன் என்று அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். நீ பிழைத்தாய். பதினெட்டு முடிந்ததும் கன்னியர் மடத்துக்குப் போனாய். கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுக்கும் முன்பே ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாய். கீழ்ப்படிதல் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா ஊரெல்லாம் உனக்கு நெஞ்சு வலி என்று சொல்லிவைத்தாள். உன் நெஞ்சுக்கு என்ன கேடு? வாய்தான் உனக்கு வியாதி.

மடத்திலிருந்து திரும்பியவளை நம் தெருவில் எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டார்கள். கன்னியாஸ்திரியும் இல்லை, கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணும் இல்லை. நீ பூசைக்குப் போனால் பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். நீ அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. காலையில் வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு உப்பளத்துப் பக்கம் போவாய். அங்கே பெண்களின் வெடித்த காலுக்கு மருந்து போட்டுவிட்டு மதியத்துக்கு மேல் வருவாய். அப்பா எங்கும் தலை நிமிர முடியவில்லை என்று அம்மாவிடம் கத்துவார். சங்கு வியாபாரம் நின்றபிறகு கடற்கரையில் நம் கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. காய்ச்சலில் கிடக்கும் உப்பளப் பெண்களுக்கு அதைத் திறந்துவிடுங்கள் என்று நீ கேட்ட அன்று, அப்பா சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பம்பாயிலிருந்து சித்தப்பாவின் தந்தி வந்தது. சித்தி மூன்றாவது பிரசவத்தில் இறந்துவிட்டாள். மூன்று பிள்ளைகள், கடைசி கைக்குழந்தை. அப்பாவுக்கு அது வழி திறந்த மாதிரி ஆகிவிட்டது. "பிலோமி போகட்டும். அங்கன பிள்ளைகளப் பாத்துக்கிட்டு இருக்கட்டும். இங்கன இருந்து என்ன செய்யுதா?" என்று முடிவு செய்துவிட்டார். சூசையப்பர் திருநாள் முடிந்ததும் நீ கிளம்ப வேண்டும். நீ வாதாடினாய், அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நம் வீட்டு அசனத்துக்கு நாலு சட்டம் உண்டு. புயலில் தோணி தப்பியதற்காகத் தாத்தா நேர்ந்துகொண்டபோது போட்டவை. ஏழைகளில் மூன்று பேரை, சூசையப்பர், மாதா, குழந்தை சேசு என்று உட்காரவைத்து, கால் கழுவிச் சோறு போட வேண்டும். 'வயிறு நிறைஞ்சிட்டு' என்று மூவரும் வாயால் சொல்லும்வரை வீட்டிலும் விருந்திலும் ஒருவரும் சாப்பிடக் கூடாது. அந்தச் சோற்றில் ஒரு பருக்கைகூட வாசல்படி தாண்டக் கூடாது. சாப்பிட்ட பிறகும் அவர்களைப் போகச் சொல்லக் கூடாது, அவர்களாகத்தான் எழுந்து போக வேண்டும். மீறினால் தோணிக்கு ஆகாது என்று அப்பா உறுதியாக நம்பினார்.

இதெல்லாம் ஒருநாளும் சிக்கலாக இருந்ததில்லை. கோவில் வாசலில் உட்காரும் செபஸ்தி தாத்தாதான் வருடாவருடம் நம் சூசையப்பர். சட்டுப்புட்டென்று சாப்பிட்டு, சத்தமாக 'நிறைஞ்சிட்டு' என்று சொல்லி, வேட்டியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். அந்த வருடம் அவருக்கு உடம்புக்கு முடியவில்லை. வேறு ஆள் பார்க்கும் வேலையை அம்மா உன்னிடம் விட்டாள். நீ உப்பளத்திலிருந்து சுடலைமுத்துவைக் கூட்டி வந்தாய்.

அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள். "ஏளா பிலோமி, இவன் வேதக்காரன்தானா?"

"சூசையப்பரு எங்கத்தை ஞானஸ்நானம் வாங்குனாரு?" என்றாய் நீ.

பங்குச் சாமியார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அத்தை அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா குனிந்து சுடலைமுத்துவின் காலைக் கழுவினார். உப்பு அரித்து, குதிகால் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்த கால். அப்பாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அழுத்தித் தேய்த்தே கழுவினார். மாதாவாக உட்கார்ந்தவள் மீனவர் தெருக்காரி, புருசனைக் கடலுக்குப் பறிகொடுத்தவள், குழந்தை சேசு அவள் மகன். அவர்கள் இருவரும் நன்றாகச் சாப்பிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். சுடலைமுத்து நாலு வாய் அள்ளினார். பிறகு சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கி மடிக்கப் பார்த்தார்.

"இங்கனயே சாப்பிடணும். வெளிய கொண்டுபோகப்படாது" என்று அத்தை சொன்னாள்.

"சரிம்மா" என்று இலையை விரித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார்.

தவக்காலம் என்பதால் மீன் கிடையாது. ஆனாலும் குசினியிலிருந்து சாம்பாரும் பாயசமும் மணத்துக்கொண்டிருந்தன. காலையிலிருந்து எல்லோரும் வெறும் வயிறு. அப்பா பக்கத்தில் போய், அன்றைக்குரிய மரியாதையோடு கேட்டார். "அண்ணாச்சி, வயிறு நிறைஞ்சிட்டா?"

"இல்ல மொதலாளி."

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லவா?"

"வேண்டாம் மொதலாளி. என் வீட்டுக்காரி அங்கன காய்ச்சல்ல கெடக்கா. ரெண்டு நாளா ஒண்ணும் எறங்கல. அவ பட்டினியா கெடக்கும்போது எனக்கு எப்படி நிறையும்? பொய் சொல்லணும்னா சொல்லுதேன்."

பண்டிகை நாளில் சூசையப்பரைப் பொய் சொல்லச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? பங்குச் சாமியார் மெதுவாக, "சட்டமெல்லாம் மனுசன் போட்டதுதானே, கொஞ்சம் சோறு குடுத்தனுப்பலாம்" என்றார். அவருக்கும் பசி. அப்பா, "எங்கப்பா போட்டது சாமி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிறகு திரும்பி உன்னைப் பார்த்தார். நீதான் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்தாய் என்று அவர் கண் சொன்னது.

சொல்லிக்கொடுத்தாயா அக்கா? எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நீ ஒவ்வொரு தடவையும் 'போளா' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாய். இப்போதாவது சொல்லேன்.

"சோறு வெளிய போகக் கூடாது, சரி. ஆளு உள்ள வரலாம்லா?" என்றாய். சொல்லும்போதே செருப்பை மாட்டிவிட்டாய். அப்பா தலையசைத்தாரா, இல்லையா என்று எனக்கு ஞாபகமில்லை. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினாய்.

சுடலைமுத்துவின் வீட்டுக்காரி பேச்சியம்மாள் உப்பு அம்பாரத்தின் பக்கத்தில், ஓலைச் சாய்ப்பின் கீழே கிடந்தாள். சேலையெல்லாம் ஈரம், நாற்றம். எனக்கு மூக்கைப் பொத்தத்தான் கை போனது. நான் தள்ளியே நின்றேன். நீ உட்கார்ந்து அவள் முகத்தைத் துடைத்தாய். உன் முந்தானையை அவள் இடுப்பில் சுற்றினாய். அம்மா குழந்தையைத் தூக்குகிற மாதிரி அவளைத் தோளில் சாய்த்துத் தூக்கிவிட்டாய். "ஏ பேச்சி, வா, விருந்துக்குப் போவோம். ஊரே உனக்காகப் பட்டினி கெடக்கு" என்றாய். அந்தக் காய்ச்சலிலும் அவள் சிரித்தாள். உன் முகத்தில் அன்று இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உன்னைக் கொண்டுபோய்ப் பம்பாயில் அடைத்துவைத்தால் செத்துப்போவாய் என்று எனக்கு அந்த நிமிடத்தில் தோன்றியது.

வீட்டில் தரையில் உட்கார அவளால் முடியவில்லை. அப்பா தன் சாய்வு நாற்காலியைத் தானே தூக்கிவந்து போட்டார். நீ கஞ்சித் தண்ணியும் கொஞ்சம் பாயசமும் ஊட்டினாய். அது உள்ளே இறங்கி அவள் கண்ணயர்ந்ததும் சுடலைமுத்து இலைப் பக்கம் திரும்பினார். இரண்டு தடவை சாம்பார் கேட்டு, ரசம் கேட்டு, இலையைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, "இப்ப நிறைஞ்சிட்டு மொதலாளி" என்றார்.

அப்புறம் எல்லோரும் பாய்ந்தார்கள். சோறு ஆறிக் கட்டியாகியிருந்தது. பெருகியதா? பங்குச் சாமியார் ஒருவரே மூன்று முறை வாங்கினார். கடைசிப் பந்திக்குப் பருப்பு தீர்ந்து, அம்மா சாம்பாரில் வெந்நீர் ஊற்றிச் சமாளித்தாள். இதைத் தம்பி ஃபாதரிடம் சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

விருந்தாளிகள் எல்லோரும் போன பிறகும் பேச்சியம்மாள் கூடத்தில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். போகச் சொல்லக் கூடாது என்ற சட்டம் அப்பாவின் கழுத்தைப் பிடித்தது. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். சுடலைமுத்து ஓரத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா வெடித்தார்.

"கூடத்துல போட்டு வைக்க இதென்ன ஆஸ்பத்திரியா? கிட்டங்கிக்குக் கொண்டுபோ! நீதானளா இழுத்துட்டு வந்த, நீயே இருந்து பாரு!"

உனக்குக் கிடைத்த அனுமதி இதுதான் அக்கா. வானத்திலிருந்து குரல் ஒன்றும் வரவில்லை. வந்தது அப்பாவின் எரிச்சல். அவர் திட்டத் திட்ட நீ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய்.

அப்பாவுக்கும் தான் சொன்னது சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. "அப்ப பம்பாய்க்கு யாரு போறது? அந்தப் பச்சப்பிள்ளைய யாரு பாக்கது?" என்றார். உன் சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் போறேன்ப்பா" என்றேன்.

இந்த இடத்தைத் தம்பி ஃபாதர் பதிவு செய்துகொள்ளவில்லை. அவர் கேட்டது உன் கதையை. அதில் தப்பில்லை. ஆனால் எனக்கு அப்போது இருபது வயது. கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. எந்தக் கப்பல் எங்கிருந்து வருகிறது என்று ஊரில் யாருக்கும் முந்தி எனக்குத் தெரியும். அந்த வேலையில் எனக்கு உயிர். ஏன் போகிறேன் என்று சொன்னேன்? பேச்சியம்மாளைத் தொட என்னால் முடியவில்லை, உன்னால் முடிந்தது. என்னால் முடிந்தது பிள்ளை வளர்ப்பது. பம்பாய் அதைவிட எளிது என்றும் நினைத்துவிட்டேன், அது வேறு விசயம்.

ரயிலில் ஏற்றிவிட வந்தபோது எனக்கென்று மக்ரூன் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாய். பிரித்துப் பார்த்தால் பாதிதான் இருந்தது. பிளாட்பாரத்தில் நின்றே நீ தின்றிருந்தாய்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். பேச்சியம்மாள் தேறிக் கிட்டங்கியிலேயே சமைக்க நின்றுவிட்டாள். அவளைப் பற்றிக் கேள்விப்பட்டு அடுத்தவள் வந்தாள், பிறகு இன்னொருத்தி. ரத்தச் சோகை, பிரசவக் காய்ச்சல், கண் மங்கிப்போனவர்கள், பிள்ளைகள் கைவிட்ட கிழவிகள். ஒரு காலத்தில் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தவர்களே அரிசி மூட்டையோடு உன் வாசலில் வந்து நின்றார்கள். அப்பாவே கடைசியில், 'என் மக கிட்டங்கி' என்று அறிமுகம் செய்தார்.

பம்பாயில் நான் பால் வரிசையில் நின்றேன். பேன் பார்த்தேன், பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டினேன், அம்மை போட்ட மூன்று பேருக்கும் வேப்பிலை தேடி அலைந்தேன். அந்தப் பிள்ளைகள் ஆளாகி, கடைசி மகளுக்குக் கல்யாணமும் முடிந்த பிறகுதான் ஊருக்குத் திரும்பினேன். நீ செய்ததற்குத் தர்மம் என்று பெயர். நான் செய்ததற்குப் பெயரே கிடையாது. எனக்குக் கோபம் இருந்தது அக்கா. உன் கடிதம் வரும்போதெல்லாம் முதலில் கடைசி வரியைத்தான் படிப்பேன். 'நீ போனதால்தான் நான் இருக்கிறேன்' என்று ஒரு வரி வராதா என்று பார்ப்பேன். 'கிழிந்த சேலையானாலும் பரவாயில்லை' என்று இருக்கும்.

திரும்பி வந்து கிட்டங்கியில் உன்னோடு அத்தனை வருடம் இருந்தேன். அப்போதாவது சொன்னாயா? கஞ்சி கரிந்துவிட்டது என்று மட்டும் சொன்னாய்.

போன வாரம் தம்பி ஃபாதர் அட்டைக்குப் படம் கேட்டார். நீதான் கேமராவைக் கண்டால் கிழவிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாயே. வீடு முழுக்கத் தேடியதில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. நான் பம்பாய்க்குக் கிளம்புவதற்கு முன், பெரிய கடைத்தெரு ஸ்டுடியோவுக்கு நீயே என்னை இழுத்துப்போய் எடுத்த படம். ஸ்டுடியோக்காரர், "கைய விட்டுட்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார். "நீரு எடும்" என்று நீ அதட்டியது இன்னும் என் காதில் கிடக்கிறது.

தம்பி ஃபாதர் படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா மட்டும் போதும் ஆன்ட்டி. உங்க பாதியை வெட்டிடலாம்" என்றார். பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னார்.

நான் படத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். நான் அழகாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். நீ யாரையோ அடிக்கப்போகிறவள் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறாய். உன் வலது கை என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. லேசாக அல்ல, விரல்நுனி வெளுத்துப்போகும் அளவுக்கு. அன்று வலித்ததே எனக்கு நினைவில்லை. இத்தனை வருடம் அந்தப் படம் என் பெட்டியில்தான் கிடந்திருக்கிறது, நான் பார்த்ததெல்லாம் நம் இரண்டு பேர் முகத்தை மட்டும்தான். ஜன்னலோரமே உட்கார்ந்து அழுதேன். புதுக்கோட்டை அம்மாள் கட்டிலில் இருந்துகொண்டு, 'என்ன தாயி, என்ன தாயி' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வெட்டுனா வெட்டிக்கிடுங்க தம்பி" என்று ஃபாதரிடம் சொன்னேன். "ஆனா எங்க அக்கா கையும் சேந்து போயிரும். கையில்லாம அவளை வச்சு என்ன செய்யப்போறீங்க?"

அவர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு முழுசாகவே பைக்குள் வைத்துக்கொண்டார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அக்கா. இந்தக் கிட்டங்கிக்கு யார் எந்தப் படத்தைக் கொண்டுவந்து மாட்டினாலும், யார் என்ன புத்தகம் போட்டாலும், நீ பிடித்த பிடியை நான் பிரிக்க விடமாட்டேன்.

நீ இன்னும் கையை விடாத உன் தங்கை,
ரெஜி